ஆடுவோரே நடுவராகலாமா?

வழக்கில் தொடர்புடையவர் தீர்ப்பு வழங்கலாகாது என்பது உலகோர் ஒப்பிய நெறி. ஊர்ப் பஞ்சாயத்திலும் சரி, உயர்நீதிமன்றத்திலும் சரி, இந்நெறிக்கு மாறு சொல்வார் இல்லை. உறவினர் வழக்கு தம்முன் வருமாயின் நீதிபதி தாமே விலகிக்கொள்கிறார். அவ்விடத்தில் வேறொருவர் அமர்கிறார். வேறொருவர் இருக்கும் இடத்தில் இது எளிது. எவரும் எவருக்கும் அந்நியர் அல்லாத ஒரு சிறு வட்டத்தில், வழக்காடுவோரும் சாட்சி சொல்வோரும் தீர்ப்புரைப்போரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பவராக இருக்கும் இடத்தில், நடுவரை எங்கிருந்து கொண்டுவருவது? நம் சமூகம் அத்தகைய வட்டம் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இக்கேள்வியை ஆராய யான் எடுத்துக்கொண்ட சான்று சிலருக்கு வியப்பளிக்கலாம். அது ரோபோக்கள் ஆடும் கால்பந்துப் போட்டி. நம் இல்லங்களில் பொறியியல் பயிலும் பிள்ளைகள் இன்று பலர். அவர்களைக் கேட்டால் இப்போட்டிகளைப் பற்றி நம்மினும் தெளிவாகச் சொல்வர். பெரியவர்களுக்காகச் சில செய்திகளை மட்டும் இங்குக் கூறுகிறேன்.

ரோபோகப் என்னும் உலகப் போட்டி 1997ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு நகோயா நகரில் தொடங்கியது. 2050ஆம் ஆண்டுக்குள் மனித உருவ ரோபோக்களின் அணி, உலகக் கோப்பை வென்ற மனித அணியை முறைப்படி ஆடி வெல்ல வேண்டும் என்பது அதனைத் தொடங்கியோர் வைத்த குறிக்கோள். தென்கொரியாவில் தோன்றிய ஃபிரா என்னும் மற்றோர் அமைப்பின் உலகப் போட்டி 2010ஆம் ஆண்டில் நம் அண்டையிலுள்ள பெங்களூரிலேயே நடைபெற்றது. ரோபோகப் போட்டியின் ஒரு பிரிவில் எல்லா அணியினரும் ஒரே வகை ரோபோவைக் கொண்டு ஆடும் முறை நெடுங்காலம் இருந்துவந்தது. முன்பு சோனி நிறுவனத்தின் நாய் உருவ ரோபோ. 2008ஆம் ஆண்டு முதல் நாவோ என்னும் சிறிய மனித உருவ ரோபோ. உடல் ஒன்றே, அறிவு மட்டும் வேறு என்பது அதன் தத்துவம். ஆட்டம் தொடங்கியபின் மாணவர்கள் தம் ரோபோவை இயக்கவோ தொடவோ கூடாது. பந்து எங்கே, எதிரணியினர் எங்கே, எப்போது உதைப்பது என்பனவற்றையெல்லாம் அதுவே கண்டு முடிவு செய்ய வேண்டும். பல மாதம் இரவு பகலாக நிரல் எழுதிய மாணவர்கள், களத்தின் ஓரத்தில் கைகட்டி நிற்கும் பத்துப் பத்து நிமிடங்களே ஆட்டம். பெற்ற பிள்ளையைத் தேர்வறைக்குள் அனுப்பிவிட்டு வாயிலில் நிற்கும் பெற்றோரின் நிலைதான் அவர்களது.

இனி நம் பொருளுக்கு வருவோம். இத்தகைய போட்டிக்குக் கூலிக்கு நடுவர் கிடைப்பதில்லை. விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. ரோபோ விழுந்ததா, தள்ளப்பட்டதா, உறைந்துபோய் நிற்கிறதா என்பதை அறியும் கண், ரோபோவோடு பழகியவர்க்கே உண்டு. ஆகவே போட்டிக்கு வந்த அணிகளே முறைவைத்து நடுவர்களைத் தர வேண்டும் என்பது அங்கு விதி. ஒரு தலைமை நடுவர், துணை நடுவர்கள், நடுவரின் தீர்ப்புகளைக் கணினியில் பதிந்து ரோபோக்களுக்குக் கம்பியில்லா வழியில் அறிவிப்பவர் ஒருவர் என ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சிலர் தேவை. தான் ஆடும் ஆட்டத்துக்குத் தானே நடுவராக எந்த அணியும் அமர்த்தப்படுவதில்லை. ஆனால் காலையில் ஆடிய அணி நண்பகலில் பிறர் ஆட்டத்துக்கு நடுவராக நிற்கும். மாலையில், அவ்வாறு தீர்ப்புப் பெற்றவரே இவர்க்கு நடுவராக வந்து நிற்கவும் கூடும்.

இது முறைதானா?

ஐயம் எழுவது இயல்பு. இரண்டு ரோபோக்கள் மோதி விழுகின்றன. தள்ளியது எது, தள்ளப்பட்டது எது? ஒன்று நின்றுகொண்டிருந்தது, மற்றொன்று நடந்துவந்து இடித்தது என்று ஒருவருக்குத் தோன்றும். இரண்டும் பந்தை நோக்கியே சென்றன என்று வேறொருவருக்குத் தோன்றும். குற்றம் செய்ததாகத் தீர்ப்பானால் அந்த ரோபோ சிறிது நேரம் களத்தினின்று அகற்றப்படும். அச்சிறு நேரத்தில் ஒரு கோல் விழலாம். இவ்வாறு கண்ணுக்கும் மனத்துக்கும் இடையே தீர்ப்பு ஊசலாடும்போது, தன் அணிக்கு நாளை எதிரியாக வரக்கூடிய வலிய அணியின்மீது நடுவரின் கை சற்றே சாயாது என்பதற்கு என்ன உறுதி?

தொடர்புடையவன் வாய்மொழியை நம்பித் தீர்ப்பளித்ததால் நேர்ந்த கேட்டினைத் தமிழர்க்குச் சொல்ல வேண்டா. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கொடியவன் அல்லன். சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கள்வனைக் காட்டுபவனாக வந்தான் என்பதை அவன் ஆராயவில்லை, அவ்வளவே. உண்மை வெளிப்பட்டபோது அவன் தன் உயிரையே விடுத்தான்.

எனினும் இந்த ரோபோப் போட்டிகளின் முறையை எண்ணிப் பார்க்கையில், பகைமையால் வரும் ஓரவஞ்சனையைவிட நட்பால் வரும் ஓரவஞ்சனையே பெரிய இடர் என எனக்குத் தோன்றுகிறது. பகையால் சாயும் கை வெளிப்படையாகத் தெரியும். களத்தைச் சுற்றி நிற்போர் அனைவரும் விதி அறிந்தவர்கள், உடனே முணுமுணுப்பர். 'இன்று நான் உன்னைக் கண்டுகொள்ளவில்லை, நாளை நீ என்னைக் கண்டுகொள்ளாதே' என்னும் சொல்லப்படாத உடன்பாடு அவ்வாறு வெளியே தெரிவதில்லை. அதில் இருவர்க்கும் நலம். கெடுவது அங்கே இல்லாத மூன்றாமவன். ஊர்ப் பொதுக்காரியங்களில் பழகியவர்கள் இதனை நன்கறிவர். நம்மிடையே கணக்குக் கேளாமல் இருப்பது பலவேளை பெருந்தன்மை என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது.

அதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. அது கவனக்குறைவு. இரவெல்லாம் விழித்து, சூடேறிப் பழுதுபட்ட மூட்டைச் சீர்செய்துகொண்டிருந்த அணித்தலைவன், நடுவர் முறை வந்ததும் என்ன செய்வான்? தன் வேலையை விட்டு எழ மனமின்றி, அணியிலேயே இளையவனை, விதிப்புத்தகத்தை ஒருமுறை புரட்டியவனை, 'நீ போய் நின்றுவிட்டு வா' என்று அனுப்புவான். அவ்விளைஞன் களத்தில் நிற்பான்; கண் தன் அணியின் மேசையை நோக்கும். அவன் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு தவறான தீர்ப்பு விழும்.

நம் ஆகமங்கள் இவ்விடத்தில்தான் கூர்மையாகப் பேசுகின்றன. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு கூடிய செயலையே அதன் வேராகக் காட்டுகிறது. பிரமாதம் என்றால் விழிப்பின்மை. (இன்றைய பேச்சுவழக்கில் 'பிரமாதம்' என்பது பாராட்டுச் சொல்லாகிவிட்டது. கச்சேரியும் காப்பியும் பிரமாதமாக இருக்கின்றன. ஆகமச் சொல்லுக்கு இப்படியும் ஒரு விதி!) எறும்பை மிதிக்க வேண்டும் என்று எவரும் நடப்பதில்லை, பாராமல் நடக்கிறோம். தீங்கு செய்ய நினைத்த நடுவன், கவனியாத நடுவன் ஆகிய இருவருள் உள்ளத்தின் குற்றம் முன்னவனுக்கே மிகுதி. ஆயினும் பின்னவன் குற்றமற்றவன் என்று நம் சமயம் அவனை விட்டுவிடுவதில்லை. பெரும்பாலோர் தாம் ஓரவஞ்சனை செய்யவில்லை என்பதைக் கொண்டே தம்மை நடுநிலையாளர் என்று கருதிக்கொள்கின்றனர். அது போதாது என்பதே ஆகமத்தின் கருத்து.

சரி, இடர்கள் இவ்வாறு இருக்க, வெளியாள் ஒருவரைக் கொண்டுவந்தால் தீராதா? கிரிக்கெட் உலகம் அவ்வழியில் சென்றது. நெடுங்காலம் எந்த நாட்டில் ஆட்டமோ அந்நாட்டவரே நடுவர். தோற்றுத் திரும்பிய அணிகள் எல்லாம் நடுவரைக் குறைகூறித் திரும்பின. 1986ஆம் ஆண்டில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் லாகூரில் ஆடிய டெஸ்ட் ஆட்டத்துக்கு இந்தியர் இருவர், வி. கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும், நடுவராக அழைக்கப்பட்டனர். பாகிஸ்தானின் ஆட்டத்துக்கு இந்தியர் நடுவர் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பின்னர் 1994ஆம் ஆண்டு முதல் டெஸ்ட் ஆட்டந்தோறும் ஒரு வெளிநாட்டு நடுவரும், 2002ஆம் ஆண்டு முதல் இருவருமே வெளிநாட்டவராகவும் அமர்த்தப்படலாயினர். பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டில், பயணம் இயலாமற்போகவே மீண்டும் உள்நாட்டு நடுவர்களே நிற்க நேர்ந்தது. பல நாடுகள் ஆடும் பெரிய விளையாட்டுக்கு இவ்வழி பொருந்தும். அங்கே மூன்றாம் நாடு என்று ஒன்று உண்டு. எல்லோரும் எல்லோரோடும் ஆடும் சிறு வட்டத்தில் மூன்றாம் நாடு ஏது?

மனிதரை விட்டு இயந்திரத்தையே நடுவராக வைத்தால் என்ன என்பது அடுத்த வினா. ரோபோக்களின் உலகிலேயே இதற்கு விடை உண்டு. அது மிகவும் சுவையானது. ரோபோகப் போட்டியின் சிறுவடிவ ரோபோப் பிரிவில், 18 சென்டிமீட்டருக்கு மேற்படாத விட்டமுடைய உருளை வடிவ ரோபோக்கள் ஆரஞ்சு நிறக் கால்ஃப் பந்தைக் கொண்டு ஆடுகின்றன. களத்துக்கு மேலே தொங்கும் காமிராக்கள் எல்லாவற்றையும் காண்கின்றன. ஆட்டம் கண்ணால் தொடர முடியாத விரைவினது. வினாடிக்கு 6.5 மீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பந்தை உதைத்தல் குற்றம் என்றால், எந்த மனிதன் அதை அளப்பான்? ஆகவே தானியங்கி நடுவர் மென்பொருள்கள் அங்கே வந்துள்ளன. அவற்றை எழுதியவர் யார் தெரியுமா? போட்டியிடும் அணியினரே. ஜெர்மனியின் மன்ஹைம் நகரத்து டைகர்ஸ் அணி ஒன்றை எழுதியது; எர்லாங்கன் நகரத்து ஈ.ஆர். ஃபோர்ஸ் அணி மற்றொன்றை எழுதியது. மன்ஹைம் அணியோ அண்மை ஆண்டுகளில் ஒருமுறைக்கு மேல் உலக வாகை சூடிய அணி. வாகை சூடுபவன் எழுதிய நடுவன், அவன் ஆடும் களத்திலேயே தீர்ப்புக் கூறுகிறான்!

இதனை மற்றவர்கள் எவ்வாறு ஏற்றனர்? இரண்டு காரணங்களால் என நினைக்கிறேன். அம்மென்பொருள்களின் மூல நிரல் எவரும் படித்துப் பார்க்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. மேலும், ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருள்களை ஒருசேர இயக்கி, அவற்றுள் பெரும்பான்மையின் கூற்றை ஏற்கும் ஏற்பாடும் அங்கு உண்டு. ஒரே காமிராக்கள் தரும் அதே காட்சியை இரண்டு மென்பொருள்களும் காண்கின்றன. எனினும் ஒன்று குற்றம் என்கிறது, மற்றொன்று வாளா இருக்கிறது. அநேகாந்தம் பயின்றவர்க்கு இதில் வியப்பில்லை. பொருளை ஒரு நயத்தால் காண்பவன் அந்நயத்துக்குரியதையே காண்பான்; இயந்திரமும் அதனை எழுதியவன் வகுத்த நயத்தாலேயே காண்கிறது. ஆகவே நடுவனை இயந்திரமாக்கியதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. களத்தில் நின்றவனிடமிருந்து நிரல் எழுதியவனிடம் அது இடம்பெயர்ந்தது. அங்கும் தீர்வு, சார்பற்ற எழுத்தாளனைத் தேடியதால் வரவில்லை. சார்புடையவன் எழுதியதை எல்லோரும் பார்க்க வைத்ததால் வந்தது.

ஆடுவோரே நடுவராகலாமா என்னும் வினாவுக்கு இப்போது என் விடையைச் சொல்லலாம். ஆகலாம். ஆகவும் வேண்டும். நாளை தீர்ப்புக்கு உட்படுபவன் இன்று தீர்ப்பளிக்கும்போது, அத்தீர்ப்பு எத்துணை வலிக்கும் என்பதை அறிந்து அளிக்கிறான். நேற்று நடுவனாக நின்றவன் இன்று ஆடும்போது, நடுவன்மீது அவ்வளவு எளிதில் சினம் கொள்ள மாட்டான். அவ்விடத்தின் இடர்ப்பாட்டை அவன் அறிவான். கூலிக்கு வந்த நடுவரால் இப்பயன் கிட்டாது. ஆனால் இதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அப்பயிற்சிக்கு நம்மிடம் பெயர் உண்டு, அது சாமாயிகம்.

சாமாயிகம் என்பது இல்லறத்தார்க்குரிய சிக்ஷா விரதங்கள் நான்கனுள் ஒன்று. குறைந்த அளவு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம், எல்லாப் பாவத்தொழிலையும் விருப்பு வெறுப்பையும் நீக்கிச் சமநிலையில் இருத்தல். அவன் துறவி அல்லன். மனைவி மக்கள் உள்ளே இருக்கின்றனர். கடை திறக்க வேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. இவற்றில் எதையும் அவன் விட்டுவிடவில்லை. அக்கால அளவுக்கு இறக்கி வைக்கிறான். சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், அந்நேரத்து இல்லறத்தானை, ஆடை போர்த்தப்பட்ட முனிவனுக்கு ஒப்பிடுகிறார். தமிழில் அந்நூலின் வழி வந்த அருங்கலச்செப்பும் சிராவக விரதங்களை எடுத்துரைப்பதை நம்மவர் அறிவர். அக்கால எல்லையைக் குறிக்கச் சமந்தபத்திரர் காட்டும் அடையாளங்கள் எனக்கு எப்போதும் இன்பம் தருவன: முடித்த குடுமி, மூடிய கைப்பிடி, ஆடையில் இட்ட முடிச்சு. முடிச்சு இருக்கும்வரை இந்த நிலை; அவிழ்த்தபின் மீண்டும் இல்லறம். எவ்வளவு எளிய, எவ்வளவு கண்டிப்பான ஏற்பாடு!

ரோபோக் கால்பந்தின் ஓர் ஆட்டம், இடைவேளையும் சேர்த்து, இந்த 48 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். அங்கே நடுவர் கருநிற ஆடை உடுக்க வேண்டும் என்பது விதி. பந்தின் நிறமோ அணியின் நிறமோ அவர்மேல் இருப்பின் ரோபோக்களின் கண் மயங்கும் என்பது அதற்குக் காரணம். காரணம் இயந்திரத்தைப் பற்றியதே. எனினும் தன் அணியின் நிறச் சட்டையைக் கழற்றிக் கருஞ்சட்டையை மாட்டும் அக்கணத்தை அவ்விளைஞன் தன் முடிச்சாகக் கொள்ளலாம். அணியை அவன் துறக்க வேண்டியதில்லை. ஆட்டம் முடிந்து சட்டையைக் கழற்றியதும் ஓடிப்போய்த் தன் ரோபோவின் மூட்டைச் சீர்செய்யலாம். சார்பே இல்லாத மனிதனைத் தேடி அலைவதைக் காட்டிலும், சார்பை ஒரு முகூர்த்தம் இறக்கி வைக்கப் பழகிய மனிதர்களை உண்டாக்குவது இயலக்கூடியது. துறவியர் சிலரே. சிராவகர் பலர்.

நடுநிலை என்பதைப் பற்றிய ஒரு மயக்கத்தையும் இங்கே நீக்குதல் நலம். தத்துவார்த்த சூத்திரம் கூறும் பாவனைகள் நான்கு: எல்லா உயிரிடத்தும் மைத்திரி, குணத்தால் உயர்ந்தோரிடத்துப் பிரமோதம், துன்புறுவோரிடத்துக் காருண்யம், திருத்தவியலாதாரிடத்து மாத்தியஸ்தம். மாத்தியஸ்தம் ஒன்றே நடுவனுக்குரியது எனப் பலரும் கருதி, மற்ற மூன்றையும் அவனிடமிருந்து பறித்துவிடுகின்றனர். விளைவாக, நடுநிலையாளன் என்றால் எதிலும் பட்டுக்கொள்ளாதவன் என்ற எண்ணம் பரவிவிட்டது. நல்ல நடுவனுக்கு நான்கும் வேண்டும். எதிரணியின் ரோபோ அழகாகப் பந்தைக் கடத்தும்போது உள்ளூர மகிழ இயலாதவன், ஐயமான இடத்தில் அதற்கு எதிராகவே காண்பான். திருத்தவியலாதவனிடத்துச் சினமின்றி நிற்றல் என்பது, கத்திக் கூச்சலிடும் அணித்தலைவன்முன் தேவைப்படும். அது எப்போதாவது வருவது. பிறர் உயர்வில் மகிழும் பிரமோதமோ நாள்தோறும் வேண்டுவது. அதுவே கடினமானதும் கூட.

எல்லாம் உள்ளத்தின் பயிற்சியாலேயே ஆகிவிடும் என்றும் யான் கருதவில்லை. உள்ளத்தை நம்பி விதியைக் கைவிட்ட எந்த ஏற்பாடும் நிலைத்ததில்லை. இதில் நம் தொண்டை நாட்டுக்கே ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. அது பிராமணர்களின் சபை. நம் சபை அன்று. ஆயினும் அறிவுக்குச் சாதி ஏது? முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முதற் கல்வெட்டு அகவை வரம்பை 30 முதல் 60 என்றது. இரண்டே ஆண்டில் அதனை 35 முதல் 70 என மாற்றினர். நடைமுறையில் கண்ட குறையைத் திருத்தத் தயங்கவில்லை என்பது இதனால் விளங்கும். ஒருமுறை வாரியம் செய்தவர் அடுத்த மூன்றாண்டுக்குத் தகுதியற்றவர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். அவர் மட்டுமா, அவருடைய உறவினரும் தகுதியற்றவர்! அவ்வுறவினர் யார் யார் என்று சிற்றன்னை பெரியன்னை மக்கள், மாமன், மைத்துனன், மருமகன் எனக் கல்லில் பட்டியலிட்டு வைத்தனர். நாணத்தால் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை அவர்கள் கல்லில் வெட்டினர். அவ்வூரிலும் எல்லோரும் எல்லோர்க்கும் உறவினராகவே இருந்திருப்பர். இல்லாவிடில் இந்தப் பட்டியலுக்கே தேவை இராது.

நம்மவர் நிலைக்கு வருகிறேன். செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி, ஆரணி எனப் பரவிக் கிடக்கும் நம் ஊர்களில் ஜினாலயம் உண்டு, அதற்கு நிலம் உண்டு, திருவிழா உண்டு, உபயம் உண்டு. எனவே கணக்கும் உண்டு. தமிழ்ச் சமணர் சில பத்தாயிரவரே. கொடுத்தும் கொண்டும் நான்கு தலைமுறையில் எல்லா ஊரும் சம்பந்தி ஊராகிவிட்டது. ஆலயக் கணக்கில் ஐயம் எழுந்தால் கேட்பவர் மைத்துனர், கேட்கப்படுபவர் மாமனார், விசாரிப்பவர் இருவருக்கும் பங்காளி. ஆகவே பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் அது கணக்கைப் பற்றிய கேள்வியாக இராமல் குடும்பத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. ஒரே தெருவில் இரு வீட்டார் பல ஆண்டுகள் பேசாமல் இருந்ததையும், அப்பகையால் ஒரு வீட்டார் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டதையும் வாசகர்களுள் பலர் கண்டிருப்பர். ஊர்ப்பெயர் வேண்டா. அங்கே இழப்பு எவ்வளவு ரூபாய் என்று பார்த்தால் மிகச் சிறிது. இழந்தது பிள்ளைகளின் ஆலயப் பழக்கம். அது மீண்டும் வருவதில்லை.

பட்டாரகர் மரபுகள் சமயத் தலைமையோடு சமூக வழக்குகளைத் தீர்க்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தமை வரலாறு. இல்லத்தைத் துறந்தவர்க்கு மாமனும் இல்லை, மைத்துனனும் இல்லை. அதனால் அத்தகுதி அவர்க்கு இயல்பாக வாய்க்கிறது. மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடம் நமக்கு அவ்வகையில் பெரும்பேறு. ஆனால் ஊர்தோறும் எண்ணெய்ச் செலவுக்கும் பூமாலைச் செலவுக்கும் மடத்தையே அழைத்தல் முறையாகாது. சிராவகர் செய்ய வேண்டியதைச் சிராவகரே செய்ய வேண்டும்.

எனவே ரோபோ ஆடும் பிள்ளைகளிடமிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம் என்பது என் கருத்து. ஓர் ஊரின் ஆலயக் கணக்கை மற்றோர் ஊரார் ஆண்டுக்கு ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஆனால் இரண்டு ஊர்கள் தமக்குள் மாற்றிக்கொள்ளலாகாது. முன்னே சொன்ன 'நீ என்னைக் கண்டுகொள்ளாதே' என்னும் உடன்பாடு அங்கேதான் முளைக்கும். முதலூர்க் கணக்கை இரண்டாம் ஊராரும், இரண்டாம் ஊர்க் கணக்கை மூன்றாம் ஊராரும், மூன்றாம் ஊர்க் கணக்கை முதலூராரும் பார்ப்பது நலம். வளையமாகச் சுற்றினால், யார் என்னைப் பார்க்கிறாரோ அவரை நான் பார்ப்பதில்லை. கைம்மாறு செய்யவும் வழியில்லை, பழிவாங்கவும் வழியில்லை. ஆண்டுதோறும் வளையத்தின் வரிசை மாற வேண்டும். கணக்கு எழுதியவரின் நெருங்கிய உறவினர் பார்க்கும் குழுவில் இருத்தல் கூடாது. நெருங்கிய உறவு எது என்பதை உத்திரமேரூராரைப் போல் முன்னதாகவே எழுதி வைத்துவிடலாம், அப்போது எவரையும் பெயர் சுட்டி விலக்க நேராது. பார்த்தவர்கள் கண்டதை ஆலயச் சுவரில் எல்லோரும் படிக்க ஒட்ட வேண்டும். சட்டப்படியான தணிக்கைக்கு இது மாற்று அன்று. ஊரார் மனத்தின் ஐயத்துக்கு மருந்து.

'நம் ஊர்க் கணக்கை அடுத்த ஊரான் பார்ப்பதா?' என்று கேட்போர் இருப்பர். அடுத்த ஊர்க் கணக்கை நாமும் பார்க்கப் போகிறோம் என்பதே அவர்க்கு விடை. போய்ப் பார்த்தவர்கள், விடுபட்ட ரசீது எப்படி விடுபடுகிறது, திருவிழா நெருக்கடியில் எழுதாமல் விட்ட செலவு எவ்வளவு என்பதைத் தம் கண்ணால் கண்டு திரும்புவர். பிறகு தம் ஊர்ப் பொருளாளரை அவர்கள் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். வேலைமிகுதியைச் சொல்லி இளையவர் ஒருவரைத் தனியே அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் வீட்டில் இருந்துவிடலாகாது. இருவர் போக வேண்டும், ஒருவர் அகவையில் மூத்தவராகவும் ஒருவர் இளையவராகவும் இருத்தல் நன்று.

மேல்சித்தாமூரில் பார்சுவநாதர் தேர்த் திருவிழாவுக்குப் பல ஊராரும் கூடுகின்றனர். தேர் நிலைக்கு வந்தபின் ஒரு நாழிகை ஒதுக்கினால் இதனைப் பேசி முடிக்கலாம். முதலாண்டில் மூன்று ஊர்கள் போதும். ஊர்ப்பெயரை எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்க ஒரு சிறுவன் வேண்டும். திருவிழாவில் சிறுவர்களுக்குப் பஞ்சமில்லை.